தற்காலிகம் என்று நீ எழுதிய வரி

மகனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நான் கேட்கவில்லை. நீ நலமாக இருப்பது போன வாரம் கனடாவிலிருந்து அனுப்பிய படத்திலேயே தெரிந்தது. புது வீட்டு வாசலில் மனைவி, குழந்தையோடு நின்று சிரிக்கிறாய். தை மாதம் குழந்தைக்குக் காதுகுத்த ஊருக்கு வருகிறாய் என்றும், பத்திரிகையை நானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றும் எழுதி, கூடவே ஒரு பெயர்ப் பட்டியலும் அனுப்பியிருந்தாய். அந்தப் பட்டியலில் பதினொன்றாவதாக வளர்மதி வீடு இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதியே தீர வேண்டும் என்று உட்கார்ந்தேன். எவ்வளவு லேசாக அந்தப் பெயரை எழுதியிருக்கிறாய்!

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கும்போது, "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்பறம் கூப்புடுறேன்" என்பாய். அந்த அப்புறம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். எழுத்தில் இருந்தால் நீ ஓட முடியாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. நம் திருமணத் தகவல் மையத்திலிருந்து மாதாமாதம் போடுகிற வரன் பட்டியலின் கடைசிப் பக்கங்களில் இதை அச்சடிக்கப் போகிறேன். என்னை நம்பி ஜாதகம் கொடுத்தவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் அவர்களுக்காகச் சொல்லிக்கொண்டே போவேன். வளர்மதி அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. என்ன பெயர் போடட்டும் என்று அவளையே கேட்டேன். அவள் வைத்துக்கொண்ட பெயர் இது.

உன் அப்பா இறந்த ஆறாவது மாதம் ஆலங்குடி பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இந்த மையத்தைத் தொடங்கினேன். நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு. அதற்கு முன் தட்டச்சும், பிறகு கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் இன்றைக்கும் ஊருக்கு நான் டீச்சர்தான். பஞ்சாங்கத்தை விரித்தால் பத்துப் பொருத்தமும் எனக்கு விரல் நுனியில் வரும். பெண்ணின் நட்சத்திரத்திலிருந்து ஆணின் நட்சத்திரம் வரை எண்ணி, தினம், கணம் என்று தொடங்கி ரஜ்ஜு, வேதை வரை வரிசையாகப் பார்ப்பேன். அதில் ரஜ்ஜு இல்லை என்றால் நம் பக்கத்தில் யாரும் அந்த ஜாதகத்தைக் கையால்கூடத் தொடமாட்டார்கள். தாலி நிலைக்காது என்பார்கள். பதிவு செய்தவர்கள் ஐந்நூறைத் தாண்டியபோது எனக்கு விரல் ஓயவில்லை, கண்தான் ஓய்ந்தது. அப்போது நீ எம்.சி.ஏ. கடைசி வருடம். லீவுக்கு வந்து ஒரு மாதம் உட்கார்ந்து, நட்சத்திரங்களை எல்லாம் என்னிடம் கேட்டுக் கேட்டு அட்டவணை போட்டு, இந்தப் பொருத்தம் பார்க்கும் இணையதளத்தை எழுதினாய்.

"இனிமே நீ வெரல் விட்டு எண்ண வேணாம்மா. பொண்ணோட பதிவு நம்பரப் போட்டு ஒரு தட்டு. பொருந்துற மாப்பிள்ளை அத்தனை பேரும் வரிசையா வந்துருவாங்க" என்றாய்.

வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் மகன் செய்தது, என் மகன் செய்தது என்று பீற்றிக்கொண்டேன். ஊரும் சும்மா இருக்கவில்லை. கையால் எழுதிக் கொடுத்தால், "கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தீங்களா டீச்சர்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அச்சடித்த தாளில் உண்டு, இல்லை என்று வந்துவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. என் முதல் தப்பு அங்கே தொடங்கியது. தெரிந்த வித்தையைக் கொண்டுபோய் பரணில் போட்டேன். பூசம் என்ன, ரேவதி என்ன என்று தாளைப் பார்த்ததும் மனசு தானாகக் கணக்குப் போடும். அதை நானே அடக்கிவிடுவேன். மகன் எழுதியது தப்பாகுமா? உனக்கு நான் எத்தனையோ புத்தி சொல்லியிருக்கிறேன். உன் பிள்ளை செய்ததை ஒரு தடவையாவது கையால் சரிபார் என்று எனக்குச் சொல்ல ஆளில்லை.

இந்த ஆடி மாதம் அந்தத் தளம் நின்றுபோனது. ஆடியில் மையத்துக்கு யாரும் வரமாட்டார்கள், பழைய ஜாதகங்களை ஒழுங்குபடுத்தலாம் என்று உட்கார்ந்தால், பொருத்தம் பார்க்கும் பக்கம் மட்டும் வெள்ளை வெளேரென்று வருகிறது. எழுத்தும் இல்லை, பிழை என்ற செய்தியும் இல்லை. சர்வர் வைத்திருக்கிறவரைக் கேட்டால், "நாங்க பி.எச்.பி. வெர்ஷன மாத்திட்டோம், ஒங்க புரோகிராம் பழசு, எழுதுனவரத்தான் கேக்கணும்" என்றார். பி.எச்.பி. என்பது நீ இந்தத் தளத்தை எழுதிய கணினி மொழி. எழுதினவரைக் கேட்டேன். மூன்றாவது நாள் ஒரு குரல் செய்தி அனுப்பினாய். அது இன்னும் என் போனில் இருக்கிறது.

"எனக்கு இப்ப சுத்தமா நேரமில்லம்மா. அது சர்வர் பக்கத்துல ஓடுற ஸ்கிரிப்ட்டு, ஒன் பிரவுசர்ல ஒண்ணும் தெரியாது. எடிட்டர் ஒண்ணு எறக்கிக்க. அதுல டீபக்கர் எக்ஸ்டென்ஷன் போடு. எங்க வேணுமோ அங்க ஒரு பிரேக்பாயின்ட் வச்சீன்னா ஓடுறது அங்கயே நிக்கும். அங்கிட்டிருந்து ஒவ்வொரு வரியா நகத்திப் பாரு, எங்க ஒடையுதுன்னு ஒனக்கே தெரிஞ்சிரும். நீதான் கம்ப்யூட்டர் டீச்சராச்சே!"

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. சொந்த மகனே கேலி செய்யும்போது வீம்பு வராதா? அறுபத்தொரு வயதில் உட்கார்ந்தேன். முதலில் தளம் முழுவதையும் சர்வரிலிருந்து மையத்துக் கணினிக்கு இறக்கினேன். அதை ஓட்டுவதற்கு இங்கேயே ஒரு சிறிய சர்வரையும் நிறுவினேன். நீ எழுதியதை வரி வரியாகத் திறந்து காட்டும் எடிட்டரைப் போட்டேன், நீ சொன்ன எக்ஸ்டென்ஷனைப் போட்டேன். பி.எச்.பி.யின் அமைப்புக் கோப்பைத் திறந்து பிழை தேடும் அந்த டீபக்கருக்கான வரிகளைச் சேர்த்தேன். சேர்த்தும் அது அசையவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, நான் பார்த்த வீடியோ பழையது. அதில் எடிட்டர் காதுகொடுக்க வேண்டிய போர்ட் எண் 9000 என்று இருந்தது. இப்போது 9003. டீபக்கர் ஒரு கதவைத் தட்டுகிறது, எடிட்டர் வேறு கதவில் நிற்கிறது. எண்ணை மாற்றினேன், அப்போதும் இல்லை. சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட்ட வேண்டும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. ஓட்டினேன். வரி எண்ணுக்குப் பக்கத்தில் சுட்டியால் தொட்டு, நீ சொன்ன பிரேக்பாயின்டாகச் சிவப்புப் புள்ளி வைத்துவிட்டுப் பிரவுசரில் பக்கத்தைத் திறந்தேன். எடிட்டர் சட்டென்று முன்னால் வந்து, அந்த வரி மஞ்சளாகி நின்றது. இடது பக்கத்தில் அந்த நொடியில் எந்தெந்தப் பெயரில் என்னென்ன மதிப்பு இருக்கிறது என்று முழுவதும் விரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், கைதட்டிவிட்டேன்.

வெள்ளைப் பக்கத்துக்குக் காரணம் ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. நீ பயன்படுத்திய ஒரு பழைய ஃபங்ஷனைப் புதிய பி.எச்.பி.யில் எடுத்துவிட்டார்கள். அது வரும் இடத்தை வேறு மாதிரி எழுதினேன், பக்கம் வந்தது. உனக்குப் போன் செய்து பெருமையடிக்கலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். சரி, கணக்கு ஒழுங்காக வருகிறதா என்று ஒருமுறை வரி வரியாக ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று வைத்தேன். சோதிக்க ஒரு பெண்ணின் பதிவு எண் வேண்டும். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றுதான். 417. பன்னிரண்டு வருடமாக அதிகம் தடவை நான் அடித்த எண் அதுதான். வளர்மதியின் எண்.

மாப்பிள்ளை பக்கம் புதிதாக வந்திருந்த ஒரு பையனின் எண்ணைப் போட்டேன். அவள் பூசம், அவன் ரேவதி. ஒவ்வொரு அழுத்துக்கும் மஞ்சள் ஒரு வரி இறங்கியது. தினம் ஒன்று, அதாவது உண்டு. கணம் ஒன்று. மகேந்திரம் பூஜ்யம். ஸ்திரீ தீர்க்கம் ஒன்று. யோனி, ராசி, அதிபதி எல்லாம் ஒன்று. வசியம் பூஜ்யம். ரஜ்ஜு ஒன்று, வேதை ஒன்று. மொத்தம் எட்டு. பூசம் தொடை ரஜ்ஜு, ரேவதி பாத ரஜ்ஜு, வேறு வேறு, பொருந்தத்தான் வேண்டும். நான் இங்கே மனசுக்குள் எண்ணியதும் அங்கே வந்ததும் ஒன்றாகவே இருந்தன. என்னடா இது, இவளுக்கு எட்டா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த தடவை அழுத்தினேன். மஞ்சள் ஒரு 'இஃப்' வரிக்குள், அதாவது இப்படி என்றால் இப்படிச் செய் என்கிற நிபந்தனைக்குள், நுழைந்தது. பெண்ணின் எண் 417 என்றால் ரஜ்ஜு பூஜ்யம், மொத்தம் மூன்று. இடது பக்கத்தில் என் கண்ணெதிரே ஒன்று பூஜ்யமானது, எட்டு மூன்றானது. அந்த வரியின் முனையில் இரண்டு சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் 'டெம்ப்' என்று எழுதியிருந்தாய். தற்காலிகமாம். உன் பெயரின் முதலெழுத்தும் போட்டிருந்தாய்.

நான்கு தடவை, வேறு வேறு பையன்களின் எண்ணை வைத்து ஓட்டினேன். நான்கு தடவையும் அந்த வரி அவள் காலை வாரியது. இது தெரியாமல் நுழைந்த பிழை இல்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு எம்.சி.ஏ. தேவையில்லை.

வளர்மதி யார் என்று படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கந்தர்வக்கோட்டை போகும் பக்கம் அவள் ஊர். அப்பா மினி லாரியில் முந்திரியும் தேங்காயும் ஏற்றுகிறவர். என்னிடம் கம்ப்யூட்டர் படித்தாள். நீ லீவுக்கு வந்த மாதம், ஜாதகங்களைக் கணினியில் ஏற்ற மாலையில் வந்து உதவி செய்தாள். நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பது எனக்கு உள்ளறை வரை கேட்கும். இப்போது புதுக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வயது முப்பத்து நான்கு. இருபத்திரண்டு வயதில் அவள் வீட்டில் நம் மையத்தில் பதிந்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் நம் கணினி அவளுக்கு ஒரே ஒரு மாப்பிள்ளையைக்கூடக் காட்டவில்லை. பொருந்தாத ஜாதகம் இங்கே கைமாறாது. கைமாறினால்தானே இன்னொரு ஜோசியர் பார்த்து, இது பொருந்துகிறதே என்று சொல்வார்? அதற்கு வழியே இல்லாமல் போயிற்று. உறவில் வந்த இரண்டு இடங்கள் வேறு காரணங்களால் தட்டிப்போயின. பிறகு ஊரே அவளுக்கு ஒரு பெயர் வைத்தது, முடக்கு ஜாதகம் என்று. அந்த வார்த்தை என் மையத்தின் வாசலில்தான் பிறந்தது.

நான்கு வருடத்துக்கு முன் உன்னிடமே கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "ஏம்ப்பா, அந்தப் புள்ளைக்கு மட்டும் ஒண்ணுகூட வர மாட்டேங்குதே, என்னன்னு பாரேன்" என்றேன். நீ நிதானமாகச் சொன்னாய். "ஜாதகம் அப்புடி இருந்தா சாஃப்ட்வேர் என்னம்மா செய்யும்?" அன்றைக்கு உனக்கு அந்த வரி மறந்தே போயிருந்ததா, இல்லை ஞாபகம் வந்தும் வாயை மூடிக்கொண்டாயா? மறந்திருந்தால் நீ பொறுப்பில்லாதவன். மறக்காமல் இருந்தால் அதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி முழுவதும் அவள் நட்சத்திரத்தின் மேல் விழுந்தது.

உன்னை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நான் நியாயஸ்தி மாதிரி உட்கார முடியாது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன் கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்னால், வளர்மதியின் அம்மா ஒருநாள் மாடியேறி வந்தார். சுற்றி வளைத்து, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். வெளியில எங்கயும் அமைய மாட்டேங்குது. நம்ம புள்ளைங்க ரெண்டு பேருக்குமே பாத்தா என்னங்க?" எனக்குச் சுருக்கென்றது. வெளிநாட்டு விசாவுக்கு எழுதிப்போட்டிருக்கிற என் மகனுக்கு மினி லாரிக்காரர் மகளா? அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு எண்ணைக்கூட அழுத்தாமல், "நானும் ஆசப்பட்டு ஏற்கனவே கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேங்க. ரஜ்ஜு இல்ல. அதுக்கு மேல நாம என்ன பண்ண முடியும்?" என்றேன். அவர் நம்பினார். கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். இந்த இயந்திரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு பொய் சொல்வது நம் வீட்டில் உனக்கு மட்டும் வந்த புத்தி இல்லை. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று பெண் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு மட்டுமா சொல்லிவைத்தார்கள்?

அந்த வரியைப் பார்த்த மறுநாள், பரணிலிருந்து பஞ்சாங்கத்தை இறக்கி, பன்னிரண்டு வருடத்து மாப்பிள்ளை ஜாதகங்களை அவளுடையதோடு கையால் பொருத்திப் பார்த்தேன். பொருந்தினவர்களின் பெயரை எழுதினேன். நோட்டில் இரண்டு பக்கம் நிரம்பியது. பேருந்து நிலையத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறாரே, அவர் அதில் ஒருவர். இப்போது அவருக்கு இரண்டு குழந்தைகள். வளர்மதி தினமும் காலையில் அந்தக் கடை வாசலில் நின்றுதான் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறுகிறாள். அவர்களில் யாரையாவது அவளுக்குப் பிடித்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. பிடிக்காமலும் போயிருக்கலாம். பார்த்து, வேண்டாம் என்று சொல்கிற உரிமைகூட அவளுக்கு இல்லாமல் போயிற்றே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

இதில் இன்னொரு அவசரமும் இருந்தது. கீரனூர் பக்கத்திலிருந்து ஒருவர் அவளைக் கேட்டிருந்தார். நாற்பத்தைந்து வயது, மனைவி தவறிவிட்டார், எட்டாவது படிக்கிற மகள் இருக்கிறாள். அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல எனக்கு உரிமையில்லை, நல்லவராகவே இருக்கலாம். ஆனால் வளர்மதி இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது தடவை சரி என்றாள். ஏன் தெரியுமா? இரண்டாம் தாரத்துக்குப் பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஜாதகமே கேட்காத ஒரே இடம் அது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தம் என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன் அவளிடம் சொல்ல வேண்டும். சொன்னால் உன் பெயர் கெடும், என் மையம் போகும், அவள் அப்பா மாடியேறி வந்து என்ன கேட்பார் என்று மூன்று நாள் தள்ளிப்போட்டேன். வரியை அழித்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் என்ன என்றும் நினைத்தேன், மறைக்கவில்லை. ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும் வரிதான். அப்படிச் செய்திருந்தால் உனக்கும் எனக்கும் வித்தியாசமே இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளை மையத்துக்கு வரச் சொன்னேன். நிச்சயத்துக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்கக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு வந்தாள். முதலில் அவள் அம்மாவிடம் நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். அவள் கையில் இருந்த கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கணினி முன்னால் உட்காரவைத்தேன். சிவப்புப் புள்ளி வைத்து, அவள் எண்ணைப் போட்டு, ரேவதிப் பையனின் எண்ணையும் போட்டு, எந்த விசையை அழுத்த வேண்டும் என்று காட்டினேன். என்னிடம் படித்த பிள்ளை, வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே ஒவ்வொரு வரியாக இறக்கினாள். எட்டு வந்தது. அடுத்த வரியில் மூன்றானது. அவள் திடுக்கிடுவாள், அழுவாள், இது என்ன என்று என்னைக் கேட்பாள் என்று பயந்துபோய் நின்றேன். அவள் கேட்டது வேறு.

"இது இன்னுமா இருக்கு டீச்சர்?"

எனக்குப் புரியவில்லை. அவள்தான் சொன்னாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இத அவரு போட்டப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். ரெண்டு வருசம் பொறுத்துக்க, வேலை கெடச்சதும் அம்மாகிட்ட பேசுறேன், அதுவரைக்கும் ஒனக்கு வேற எடம் வராமப் பாத்துக்கிறேன்னாரு. வெளையாட்டு மாதிரிதான் இருந்துச்சு. நானும் சரின்னேன். அதுக்கப்பறம் கல்யாணத்துக்கு ஒரு வாரத்துக்கு முந்தி போன் பண்ணுனாரு. மன்னிச்சிரு, வீட்டுல முடிவு பண்ணிட்டாங்கன்னாரு. அந்த வரிய எடுத்துட்டேன், இனிமே ஒனக்கு நல்ல எடமா வரும்னாரு. எடுத்துட்டேன்னுதானே சொன்னாரு!"

பெற்ற மகனைக் காட்டிக்கொடுக்க வந்தவள் நான். நான் அறிந்ததைவிட அதிகமாக அவள் அறிந்திருந்தாள். அறியாதது ஒன்றே ஒன்று. நீ எடுத்துவிட்டதாகச் சொன்ன அன்றிலிருந்து, தனக்கு வந்த 'இல்லை' எல்லாம் உண்மை என்று அவள் நம்பினாள். ஏழு வருடம். அந்த ஏழு வருடமும் செவ்வாய்க்கிழமை விரதம் இருந்திருக்கிறாள். யார் எந்தக் கோயில் சொன்னாலும் போய் விளக்குப் போட்டிருக்கிறாள். தம்பி கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்துச் சமையல்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டாளாம், தன் தோஷம் பட்டுவிடக் கூடாது என்று. ஒரு வரியை அழிக்க எத்தனை நொடி ஆகும், சொல்லு. அன்றைக்கு உனக்கு மாப்பிள்ளை அழைப்புக்குச் சூட் தைக்கக் கொடுக்க நேரம் இருந்தது. மனசு கஷ்டப்பட்டு மன்னிப்புக் கேட்கவும் நேரம் இருந்தது. சொன்னதைச் செய்ய மட்டும் நேரம் இல்லை. நல்லது சொல்லிவிட்டாலே நல்லது செய்த மாதிரி உனக்கு ஆகிவிடுகிறது. இந்தக் குணத்தை நான்தான் வளர்த்தேன். வீட்டுப்பாடம் எழுதிவிட்டேன் என்று நீ சொன்னால் நான் நோட்டைத் திறந்து பார்த்ததே இல்லை. நீயும் உன் மகளிடம் இதே தப்பைச் செய்யாதே.

அவள் போகும்போது, நிச்சயத்தை ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொல்லப்போகிறேன் என்றாள். "அந்தக் கீரனூர்க்காரர வேணாங்கல டீச்சர். வேற வழியில்லாமப் போறதுக்கும் புடிச்சுப் போறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல? நானே ஒரு தடவ அவருகிட்ட பேசிப் பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றாள். உன்னைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. படிக்கட்டு வரை போனவள் திரும்பி வந்தாள். முப்பத்து நான்கு வயதுப் பெண், எத்தனையோ பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள், சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள்.

"அப்ப எங்கிட்ட ஒரு குத்தமும் இல்லையா டீச்சர்?"

இல்லை என்றேன். சுத்தமான ஜாதகம் என்றேன். பஞ்சாங்கத்தை விரித்துக் கையால் எண்ணியும் காட்டினேன். தலையாட்டிக்கொண்டாள், ஆனால் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எப்படி நம்புவாள்? பார்க்காமலே ரஜ்ஜு இல்லை என்று அவள் அம்மாவிடம் சொன்ன அதே வாய்தானே இது. மகன் செய்ததை மூடி மறைக்காமல் சொல்லவே எனக்கு மூன்று நாள் ஆயிற்று என்பதும் அவளுக்குத் தெரியும். போன புதன்கிழமை அந்தப் பக்கம் போனவள் அவள் வீட்டில் எட்டிப் பார்த்தேன். முந்தின நாளும் விரதம் இருந்தாளாம்.

தை மாதம் வரை காத்திருக்காதே. நான் இப்போது சொல்லப்போவதை நீ செய்யாமல் அந்த வீட்டுக்குப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுக்க என்னால் முடியாது. இதைப் படித்து முடித்ததும் அவளைக் கூப்பிடு. உன்னிடமிருந்து அழைப்பு வந்தால் எடுப்பாளா என்று அவளைக் கேட்டேன், எடுப்பேன் என்றாள். மன்னிப்புக் கேட்காதே, அதை ஒரு தடவை கேட்டுவிட்டாய். ஏன் அப்படிச் செய்தாய், உன் மனசு அன்று எப்படி இருந்தது என்றெல்லாம் விளக்காதே, அது அவளுக்கு எதற்கு? "அந்த வரியை நான் எடுக்கவில்லை" என்று மட்டும் சொல். எடுத்துவிட்டேன் என்று சொன்னது உன் குரல். அதே குரலில் கேட்டால்தான் அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் சாப்பிடுவாள்.

அம்மா